மெதுவாகப் பேச நான்கு டயர்கள்

எங்கள் தோட்டத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய முதல் ஆள் நான். தோட்டத்தை நடத்தும் துரைமாரே ஜீப்போடு நின்றுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தால் தெரியட்டும். அக்கரப்பத்தனைப் பக்கத்து லயமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவளின் மகளாகப் பிறந்து, சிவப்புக் கார் ஒன்றைத் தன் பெயரில் பதிந்துகொண்டவளுக்கு அந்த அளவுகூட இல்லாமல் போனால் எப்படி?

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஓடியிருந்தன. நுவரெலியாவில் ஒரு லீசிங் கம்பனியின் கிளைக்கு நான் மனேஜர். தவணை கட்டாதவர்களிடமிருந்து பிடித்து வந்த வாகனங்கள் அலுவலகத்தின் பின்னால் நிற்கும். லொறியும் வேனும் வந்த வேகத்தில் விற்றுப்போகும். அந்தச் சிவப்புக் கார் மட்டும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. இரண்டே இருக்கை, தரையை உரசுகிற உயரம். வாங்க வந்த ஒரு வியாபாரி குனிந்து உள்ளே பார்த்தார். "இதுல நாலு மூட்ட கோவா ஏத்த முடியுமாங்க?" என்று கேட்டார். முட்டைக்கோசு மூட்டை மூட்டையாக விளையும் ஊரில் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் நானே அதை வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது ஆசைக்கு. கொஞ்ச நாளிலேயே அது அவசியமாகிவிட்டது, அதுவும் சத்தமில்லாத காராக. ஏன் என்று விளங்க வேண்டுமானால் என் அம்மாவின் காதைப் பற்றியும் எங்கள் லயத்தின் சுவரைப் பற்றியும் முதலில் சொல்லியாக வேண்டும்.

அம்மா பாதிக் காலம் மலையில் கொழுந்து எடுத்தாள். மீதிக் காலம் ஸ்டோரில் தூள் அரித்தாள். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே சல்லடை மிஷின்கள் ஓடும் அறையில் பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூடக் கேட்காது. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முன்பே அவளுடைய காது ஓய்வு பெற்றுவிட்டது. முழுச் செவிடு இல்லை. சுற்றிலும் அமைதியாக இருந்து, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் ஒவ்வொரு சொல்லும் விழும். கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் போச்சு. அப்போது உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வாள், மீதியைத் தானே இட்டுக்கட்டிக்கொள்வாள். அவள் இட்டுக்கட்டுவது பெரும்பாலும் நாம் சொன்னதைவிடச் சுவையாக இருக்கும்.

இனி லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒவ்வொன்றையும் காம்பரா என்போம். இரண்டு காம்பராவுக்கு நடுவில் இருக்கும் சுவர் தகரக் கூரை வரை போவதில்லை. மேலே இடைவெளி. இங்கே ஒருவர் இருமினால் அந்தக் கோடியிலிருந்து கஷாயம் வரும். சுவருக்கும் காது உண்டு என்று மற்ற ஊர்களில் பழமொழியாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது கட்டட அமைப்பு. இந்த லயத்தில் ஒரு பகல் கூட அமைதி கிடையாது: ரேடியோ, குழந்தை அழுகை, குழாயடிச் சண்டை. ஆகவே அம்மாவிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினால் லயம் முழுக்கக் கேட்கும். இரவில் சத்தம் அடங்கினால் முணுமுணுப்பே சுவர் தாண்டும். நான் பெரிய மனுஷியான அன்று அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். அம்மாவுக்குப் புரிவதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து நல்லெண்ணெயும் முட்டையும் வந்துவிட்டன.

எங்கள் குடும்பத்தில் இரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதுவரை அது தேவைப்படவும் இல்லை.

ஹட்டனில் கணிதம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிள் லீசிங்குக்காக என் அலுவலகத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் போக, மோட்டார் சைக்கிளோடு என்னையும் சேர்த்துக் கேட்டுவிட்டார். எனக்கும் சம்மதம். அம்மாவுக்கும் சம்மதம். லயத்துக்குச் சொல்லவே வேண்டாம், மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடி போடுவார் என்பது வரை தெரியும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் அவர் அலுவலக வாசலில் தலையைக் குனிந்தபடி வந்து நின்றார்.

"அம்மா கொழும்பில ஒரு கல்யாண ஹோலில செய்வம் எண்டு சொல்லுறா," என்றார். "லயத்து ஆக்கள் வர வேண்டாமாம். உம்மட அம்மா வரலாம். ஆனா ஆராவது கேட்டா, தொழிற்சாலையில கிளார்க்கா இருந்தவ எண்டு சொல்லோணுமாம்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று அது நுனியைத் தாண்டிவிட்டது. இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொன்னேன். அவர் வாதாடவில்லை. "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா மறைக்கச் சொன்னது உம்மட அம்மாவை. அவவை ஒருக்காக் கேக்காமல் நீர் முடிவெடுக்கிறது சரியில்லை," என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடையை விட வழிமுறை சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

ஆனால் எங்கே வைத்துக் கேட்பது? இதை லயத்தில் கத்திச் சொல்ல முடியுமா? எனக்கு எண்ணெய் தேய்த்தவர்கள், நான் பரீட்சை எழுதிய வருடம் ரேடியோவைக் குறைத்து வைத்தவர்கள், எல்லோர் காதிலும் 'நீங்கள் வர வேண்டாமாம்' என்று விழும். அதற்குப் பிறகு அம்மா அந்த வாசலில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பாள்? எழுதிக் காட்டலாம் என்றால் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நுவரெலியாவுக்குக் கூட்டி வரலாம் என்றால், நான் இருந்தது பலகைத் தரை போட்ட மாடி அறை, கீழே வீட்டுக்காரர் குடும்பம், பேச்செல்லாம் பலகை வழியே இறங்கும். மிஞ்சியது கார்தான். இரண்டு இருக்கை, கதவை அடைத்தால் மூன்றாம் ஆளின் காது கிடையாது.

முதல் தடவை அம்மாவை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. என்ஜின் மெதுவாகப் போகும்போது அடங்கித்தான் இருந்தது. இரைச்சல் எல்லாம் கீழேயிருந்து வந்தது. ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லையும் டயர் எண்ணி எண்ணி மேலே அனுப்பியது. நான் பேச்சைத் தொடங்கினேன்.

"அவங்க அம்மா ஒண்ணு சொல்றாங்கம்மா."

"யாரு கும்மியடிக்கிறாங்க?" என்றாள் அம்மா.

ஓரமாக நிறுத்திப் பேசலாம் என்று லிந்துலைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் நிறுத்தினேன். மலையில் யாருமே இல்லாததுபோல்தான் இருந்தது. காரை நிறுத்தியதும் தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஆட்கள் முளைத்தார்கள். "என்னாங்க, நின்னுபோச்சா? தள்ளி விடவா?" என்று நல்ல மனதோடு கேட்டார்கள். சிவப்புக் காரைத் தள்ளிப் பார்க்க அவர்களுக்கும் ஆசை. ஓடும் காரில்தான் பேச முடியும், அந்தக் கார் சத்தம் போடக் கூடாது என்று அப்போதுதான் விளங்கியது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "லொறியில ஒக்காந்து போன மாதிரி இருக்குடி," என்றாள். என் காருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அந்தக் காரில் இருந்தது ரன் ஃப்ளாட் டயர். காற்று போனாலும் தரையோடு படுத்துவிடாமல், தடித்த பக்கச்சுவரின் பலத்தில் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். அதனாலேயே அந்தக் காரில் ஸ்பெயார் வீல் வைக்க இடமே கிடையாது. இது தெரியாமல் லயத்திலிருந்து வந்து டிக்கியைத் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். "படிச்ச புள்ளையையே ஏமாத்திட்டானுங்க, ஸ்பெயார் வீல் இல்லாமத் தள்ளிவிட்டுட்டானுங்க," என்று என் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தன் லொறியின் பழைய டயரைத் தருவதாகக்கூடச் சொன்னார். அதை டிக்கியில் வைத்திருந்தால் காரின் முன்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும்.

நுவரெலியாவில் எனக்குத் தெரிந்த ஒரு டயர் கடை இருந்தது. கடைக்காரர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து ரேஸ் ஓட வருகிறவர்கள் அவரிடம்தான் டயர் மாற்றுவார்கள். என் காரைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. வளைவில் பிடித்து நிற்கிற டயர், மழையில் வழுக்காத டயர் என்று ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"முதலாளி, எனக்கு வேகம் வேணாம்," என்றேன். "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட மெதுவாப் பேசினா அவங்களுக்குக் கேக்கணும்."

அவர் உருட்டுவதை நிறுத்தினார். "மிஸ், அப்படின்னா ஏன் இந்தக் காரு? பெரிய வேன் ஒண்ணு எடுக்கலாம்தானே."

"வேன்ல இன்னும் பத்துப் பேரு ஏறிடுவாங்க."

அது அவருக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் வேன் வைத்திருக்கிற யாருக்கும் விளங்கும். சாதாரண டயருக்கு மாறிவிடுங்கள், மெத்தை மாதிரி இருக்கும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து ரோட்டில் கூரான கல்லுக்குப் பஞ்சமில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போது டயர் வெடித்து நின்றால், ஸ்பெயார் வீலும் இல்லாமல், மறுபடியும் செடிக்குள்ளிருந்து ஆள் முளைப்பார்கள். ரன் ஃப்ளாட்தான் வேண்டும், ஆனால் அது மெத்தென்றும் இருக்க வேண்டும், வாயையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். "மிஸ் கேக்கிறது மாமியார் மாதிரி பலமான, ஆனா வாயே தொறக்காத மருமகள்," என்றார் அவர். எனக்கு அப்போது மாமியார் என்ற சொல்லே ஆகவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

கெட்டிக்காரர் அவர். ரிம்மை ஓர் அங்குலம் சிறிதாக்கினால் டயரின் பக்கச்சுவர் உயரும், உயர்ந்தால் குலுக்கல் குறையும் என்று சொல்லி, பிரேக்கில் இடிக்காதா என்று படுத்துக் கிடந்து அளந்து பார்த்தார். டயரின் மேற்பரப்பில் உள்ள கட்டங்கள் பெரிதாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் அது ஒரே சுருதியில் ஊளையிடும், சின்னதும் பெரியதுமாகக் கலந்திருந்தால் சத்தம் சிதறிப்போகும் என்றார். பழைய ரன் ஃப்ளாட்டின் பக்கச்சுவரை விரலால் அழுத்தச் சொன்னார். அமிழவே இல்லை. புதிதாக வரும் சிலவற்றில் அந்த முரட்டுத்தனம் குறைந்திருக்கிறது, கொழும்பிலிருந்து தருவிக்கலாம் என்றார். நான் அலுவலகத்தில் கடன் கேட்டு வருகிறவர்களைக் குடைவது போல அவரைக் குடைந்தேன். அவர் கோபப்படவில்லை, டீ வாங்கித் தந்தார்.

யார் என்ன சொன்னாலும் நானே கேட்டுப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ரேஸ்காரர் ஒருவர் விட்டுப்போன பாவித்த டயர்கள் அவரிடம் இருந்தன. முதலில் அவற்றை மாட்டினார். இரண்டு காதிலும் நன்றாகப் பஞ்சை அடைத்துக்கொண்டேன். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நானுஓயா ரோட்டில் ஓட்டினேன். "சாதாரணமாப் பேசிக்கிட்டே வாங்க," என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் தன் மருமகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு 'மருமகன்' என்ற ஒரு சொல்லுக்குப் பிறகு ஊளைதான் கேட்டது. கொழும்பிலிருந்து புதிய டயர்கள் வந்ததும் அதே ரோட்டில், அதே பஞ்சோடு, அதே மருமகன். இம்முறை அவன் சீட்டு விளையாடுவதும், மாமனாரின் கடையிலிருந்து டியூப் எடுத்துப்போய் விற்றதும் ஒரு சொல் விடாமல் கேட்டது. பள்ளத்தில் இறங்கியபோது கார் முனகியதோடு சரி. முதல் டயரில் தப்பித்த மருமகன் இரண்டாவது டயரில் மாட்டிக்கொண்டான். இதுதான் என்று முடிவு செய்தேன். நான் தேர்ந்தெடுத்த டயர் என்று அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றினேன். தோட்டத்து ரோட்டைத் தாண்டும்வரை அவள் கதவுப் பிடியை விடவில்லை. அதற்குப் பிறகு மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காரு ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுதும்மா."

"சத்தத்தையே காணோம்."

நான் சாதாரணக் குரலில் பேசியிருந்தேன். அவள் முதல் தடவையிலேயே பதில் சொல்லியிருந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என் அம்மாவோடு கத்தாமல் பேசினேன். தலவாக்கலைப் பக்கம் திரும்பி, மெதுவாக ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பு ஹோல், லயத்து ஆட்கள் வேண்டாம் என்றது, கிளார்க் என்று சொல்லச் சொன்னது. எதையும் மென்று முழுங்கவில்லை.

அம்மா முழுவதையும் கேட்டு முடித்தாள்.

"அந்தத் தம்பி என்னா சொல்றாரு?"

"வெக்கமா இருக்குன்னு சொன்னாரு. ஒன்னையக் கேக்கச் சொன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"வேணாம்னுட்டேன்."

"எல்லாத்தையும் நீயே சொல்லிடு," என்றாள். "சரி, இதச் சொல்லவா இம்புட்டு தூரம் கூட்டியாந்த?"

"லயத்துல கத்திச் சொல்லச் சொல்றியா? ஒனக்குத்தானேம்மா அசிங்கம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு என்னாடி அசிங்கம்? சொன்னவங்களுக்குத்தான் அசிங்கம். வண்டியத் திருப்பு."

திருப்பினேன். அவள் அந்தக் குரலில் சொன்னால் நான் மட்டுமல்ல, வேலை வாங்கும் கங்காணியே திரும்புவார்.

எங்கள் பக்கத்தில் கோயில் மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். கார் நிற்பதும் அங்கேதான், அதற்குக் கீழே ரோடு கிடையாது. அங்கே இறங்கியதும், "அந்தத் தம்பிக்குப் போனப் போடு," என்றாள் அம்மா. காரைப் பார்த்ததும் லயத்திலிருந்து வழக்கம்போல ஆட்கள் ஏறி வந்தார்கள். நான் தயங்கினேன். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அம்மா அதுவரை போனில் பேசியதே இல்லை, பேசி என்ன, கேட்காதே. எடுத்தவரிடம், "அம்மா பேசணுமாம்," என்று சொல்லிக் கொடுத்தேன்.

அம்மா போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. நீங்க பேச வேணாம், கேட்டுக்கங்க. ஒங்க அம்மாகிட்ட போயிச் சொல்லுங்க. நான் கொழுந்து எடுத்தவ, பெறகு ஸ்டோர்ல தூள் அரிச்சவ. கிளார்க்கு இல்ல. இந்த லயத்து ஆளுங்க இல்லாம என் வீட்டுல பொறப்பும் நடக்கல, சாவும் நடக்கல, கல்யாணமும் நடக்காது. கிலோ கொறஞ்ச நாளுல எனக்கு அரப்பேரு போட்டாங்க. வாங்கிக்கிட்டேன், அது வேல. எம்மக கல்யாணத்துல தாய்க்காரியா வந்து நான் அரப்பேருக்கு நிக்க மாட்டேன். போட்டா முழுப்பேரு போடுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கங்க."

பேசி முடித்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அந்த மேட்டில் நின்று ஊருக்கே கேட்கும்படி 'இவள் என் அம்மா' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பரீட்சை பாஸானபோதும், மனேஜரானபோதும், அந்தக் காரின் சாவியை வாங்கியபோதும் எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

கொழுந்தின் நிறை குறைந்த நாளில் கணக்கப்பிள்ளை அரைநாள் கூலிதான் எழுதுவார், அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர். யாழ்ப்பாணத்து மனிதருக்கு இது எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்துப் போனைக் காதில் வைத்தேன்.

"விளங்கிச்சு," என்றார் அவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அல்லவா. "முழுப்பேர்தான். அம்மாட்டை நான் கதைக்கிறன். அவ வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் வருவன்."

கல்யாணம் நுவரெலியாவில், கோயிலில் நடந்தது. எங்கள் லயம் லொறி பிடித்து வந்து இறங்கியது. அவருடைய அம்மாவும் வந்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, கொழும்பிலிருந்து தன் சொந்தங்கள் நாலைந்து பேரோடு வந்து, முகத்தை இறுக்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டி முடிந்ததுமே கிளம்ப எழுந்து, என் அம்மாவிடம் விடைபெறப் போனார். குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூட விழாத குரலில், "வாறன் சம்பந்தி," என்றார்.

மேளம் ஓய்ந்து, கோயிலே நான் தேர்ந்தெடுத்த டயர் மாதிரி அமைதியாக இருந்த நேரம் அது.

"என்னாங்க?" என்றாள் அம்மா, காதில் கையை வைத்து.

அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவருடைய சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயமும் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார். அம்மா சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி, கேட்கவில்லை என்று கையால் காட்டினாள். மூன்றாவது தடவை அவர் கத்தித்தான் சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டது. "சம்பந்தி."

அம்மா அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.